பதினைந்து அடி அகலத்தில் ஒரு வீடு

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. நகரத்தில் அதை முழுதாக வாங்க முடியாதவர்கள் அரை கிரவுண்டும் கால் கிரவுண்டும் வாங்குகிறார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போதும், ஆளுக்கொரு தெருவாசல் வேண்டும் என்று மனையை நீளவாக்கில்தான் பிரிக்கிறார்கள். கடைசியில் ஒருவர் கைக்கு வருவது 15 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட 600 சதுர அடி. அதன் ஒரு பக்கத்தில், எல்லைக்கோட்டின் மேலேயே, பக்கத்து வீட்டுச் சுவர் எழுந்து நிற்கும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட ஒரு மனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

அகல மனையில் கட்டுபவர் செய்யும் சிறு பிழைகளை இடம் மன்னித்துவிடும். குறுகிய மனையில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஒவ்வொரு முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வெளிச்சம், காற்று, மழைநீர் போகும் வழி, அஸ்திவாரத்தைத் தாங்கும் மண் ஆகியவற்றில் எதையாவது பக்கத்து மனையிடமிருந்து கடன் வாங்குகிறோமா? வாங்காமல் கட்ட முடியும். பணமும் அதற்குப் பெரிதாகக் கூடாது. ஆனால் அந்த யோசனை வரைபடம் போடும் முன்பே வந்துவிட வேண்டும்.

எல்லை எங்கே, சுவர் யாருடையது

பத்திரத்தில் 15 அடி என்றிருக்கும். நாடாவைப் பிடித்தால் தெருப்பக்கம் 15 அடியும் கொல்லைப்பக்கம் பதினாலரை அடியும் வரும். பழைய பத்திரங்களில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருப்பதும் உண்டு. ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அதை அடியாக மாற்றும்போது யாரோ எப்போதோ முழு எண்ணாக்கியிருந்தால், அந்த அரை அடி இப்போது காகிதத்தில் மட்டுமே இருக்கும். பெரிய மனையில் அரை அடி போனால் தோட்டம் குறையும். இங்கே போனால் கட்டில் போட முடியாது.

எனவே பட்டாவோடு புலப்பட நகலையும் வாங்கி, நில அளவருக்கு முறைப்படி விண்ணப்பித்து, பக்கத்து மனைக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு அளப்பதே முதல் வேலை. முன், நடு, பின் என மூன்று இடங்களில் அகலம் எடுத்து, மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். அதோடு தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். தரையில் சரியாக எல்லையில் நிற்கும் பழைய சுவர், பத்தடி உயரத்தில் இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். அதைக் கணக்கில் கொள்ளாமல் நூல் கட்டினால் மாடிச் சுவர் எழும்பும்போதுதான் இடிக்கும்.

அடுத்து, அந்தச் சுவர் யாருடையது என்பது. இரு தரப்புப் பத்திரங்களின் சொத்து விவரத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் பொதுச்சுவர் பாத்தியம் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பொதுச்சுவரை ஒருவர் மட்டும் முடிவெடுத்து இடிக்கவோ, அதன் மேல் மாடிச் சுமையை ஏற்றவோ கூடாது. மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடாக இருந்தால், அடுத்த வீட்டுத் தேக்கு விட்டங்களின் முனைகள் அந்தச் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கலாம். இந்தப் பக்கத்துப் பழைய வீட்டை இடிக்க வந்தவர்கள் அது தெரியாமல் சுவரில் கைவைத்தால், அந்தப் பக்கத்துக் கூரை இறங்கிவிடும். சுவர் பொதுவா சொந்தமா என்று பத்திரம் சொல்லாவிட்டால், இரு வீட்டாரும் பேசி எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. வெள்ளைத் தாளில் கையெழுத்து போட்டு வைத்தால் அடுத்த தலைமுறையில் அதற்கு மதிப்பிருக்காது.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1996இல் பொதுச்சுவர்ச் சட்டம் வந்தது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் கட்டுபவர் பெரும்பாலும் நம்பியிருப்பது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தை. அதன்படி ஒவ்வொருவர் நிலத்துக்கும் அண்டை நிலத்து மண்ணின் இயல்பான தாங்குதல் உரிமை உண்டு. நிலத்தின் மேல் நிற்கும் கட்டடத்தின் சுமைக்கு அந்த உரிமை தானாக வராது. 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்திருந்தால்தான் வரும். ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே 20 ஆண்டுக் கணக்குத்தான். ஆகவே பக்கத்து வீட்டுப் பழைய ஜன்னல் ஒன்று காலி மனையைப் பார்த்துத் திறந்திருந்தால், அதை மறைத்துச் சுவர் எழுப்பும் முன் அது எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. குறுகிய மனைகளில் ஒரு பக்கம் மட்டும் இடம் விட்டால் போதும் என்ற வழி அதில் உண்டு. தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெருக்களுக்கு வேறு கணக்கு. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பக்கத்துத் தெருவில் சென்ற ஆண்டு கட்டியவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் உரிமம் பெற்ற பொறியாளரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்க வேண்டும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவோருக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. விதிப்படி இடம் விட்டிருக்கிறோம் என்று சான்று தருபவர் விண்ணப்பதாரரே என்பதால், அளவில் பிழை இருந்தால் அது அவர் தலையில்தான் விழும்.

சுவருக்கு அடியில்

குறுகிய மனையில் பணமும் உறவும் சேர்ந்து போகிற இடம் கடைக்கால். வரைபடம் முடியும் முன்பே, பக்கத்துச் சுவர் ஓரமாக இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி ஒன்று கையால் தோண்டிப் பார்க்க வேண்டும். இரண்டு விஷயங்கள் அதில் தெரியும். ஒன்று, அந்த வீட்டு அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்பது. மற்றொன்று, அது எவ்வளவு தூரம் இந்த மனைக்குள் வந்திருக்கிறது என்பது. பழைய கருங்கல் அஸ்திவாரம் மேலே உள்ள சுவரைவிட அகலமாக, படிப்படியாக விரிந்து இறங்கும். சுவர் எல்லையில் நின்றால், அதன் பாதம் ஓரடி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது சாதாரணம்.

அதைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வரும். “நம்ம இடத்துலதானே இருக்கு, வெட்டி எடுங்க” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார்கள். செய்யவே கூடாத வேலை அது. சுமை முழுவதும் இறங்கும் பாதத்தின் ஒரு பக்கத்தைச் செதுக்கிவிட்டால் சுவர் அந்தப் பக்கம் சாயும். சாயும் பக்கத்தில்தான் ஆட்கள் குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். உரிமை பற்றிய வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கட்டும் வீட்டின் தூண்களை இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி வைத்து, அங்கிருந்து பீம்களை எல்லை வரை வெளியே நீட்டி, அவற்றின் மேல் சுவரை ஏற்றுவதே இதற்குச் சரியான வழி. கம்பி கொஞ்சம் கூடுதலாகும்.

பக்கத்து அஸ்திவாரம் நீட்டிக்கொண்டிருக்காவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. தூண் எல்லையை ஒட்டி நிற்கும்போது அதன் பாதத்தை இரு பக்கமும் சமமாக விரிக்க முடியாது. உள்பக்கம் மட்டுமே இடம் இருக்கும். பாதத்தின் ஓரத்தில் தூண் நின்றால் சுமை ஒரு பக்கமாக அழுத்தி, பாதம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க, எல்லைத் தூணின் பாதத்தையும் எதிர்ப்பக்கத் தூணின் பாதத்தையும் இணைத்து ஸ்ட்ராப் பீம் போடுவார்கள். 15 அடி மனையில் எதிர்த்தூண் பத்துப் பதினோரு அடியில் இருப்பதால் இது எளிது. இரண்டு தூண்களுக்கும் சேர்த்து ஒரே பாதம் போடும் முறையும் உண்டு. எது பொருந்தும் என்பதை மண்தான் சொல்லும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். கடற்கரை மணல் தோண்டத் தோண்டச் சரியும். மண் பரிசோதனையை வீண் செலவு என்று தள்ளுபவர்கள், பிறகு டைல்ஸுக்கு அதைப் போலப் பல மடங்கு செலவழிக்கிறார்கள்.

ஆழத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அடுத்தடுத்த அஸ்திவாரங்கள் வெவ்வேறு மட்டத்தில் இருந்தால், மணற்பாங்கான மண்ணில் அவற்றின் அடிவிளிம்புகளை இணைக்கும் கோடு இரண்டடி கிடைக்கு ஓரடிக்கு மேல் செங்குத்தாக இறங்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1904. பக்கத்து வீட்டு அஸ்திவாரம் 3 அடியில் நிற்கிறது, இங்கே 5 அடி போக வேண்டும் என்றால், அந்த இரண்டடி வித்தியாசத்துக்கு நான்கு அடி தள்ளியிருக்க வேண்டும். தள்ள முடியாத இடத்தில் பொறியாளர் தனி ஏற்பாடு சொல்ல வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் அங்கே போதாது. தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கணக்கில் சேரும். நிலத்தடித் தொட்டிக்கு ஆறேழு அடி தோண்டுவார்கள் என்பதால், அதைப் பக்கத்துச் சுவர் ஓரத்தில் வைக்காமல் விலகி, வண்டி நிறுத்தும் இடத்தின் கீழே வைப்பதே பாதுகாப்பு.

தோண்டும் முறையும் முக்கியம். சுவரின் முழு நீளத்தையும் ஒரே நாளில் ஜேசிபி விட்டுத் திறந்துபோடக் கூடாது. நான்கடி தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகவிட்டு, இடையில் நான்கடி விட்டு அடுத்ததைத் தோண்ட வேண்டும். விட்ட பகுதிகளுக்குப் பிறகு வர வேண்டும். சுவரை ஒட்டிய இடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். காலமும் பார்க்க வேண்டும். தை பிறந்து தொடங்கினால் கோடைக்குள் கடைக்கால் வேலை முடிந்து பேஸ்மட்டம் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த குழி ஒன்று பக்கத்துச் சுவரடியில் தண்ணீர் கட்டி நின்றால், அதன் பிறகு நடப்பது கட்டுபவர் கையில் இல்லை.

ஈரத்தில் ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகே நடூர் சாட்சி. 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் ஊறிய சுமார் 20 அடி உயர மதில் ஒன்று, அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்ததில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நிற்பது வீட்டுச் சுவரா, தனித்து நிற்கும் மதிலா என்று பார்ப்பது அதனால்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டுச் சுவரைக் கூரையும் குறுக்குச் சுவர்களும் பிடித்துக்கொண்டிருக்கும். மதிலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அதன் மறுபக்கம் மண் மேடாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அத்தகைய மதிலின் அடியில், அதற்கு முட்டு கொடுக்காமல் ஒரு சட்டி மண்கூட எடுக்கக் கூடாது.

வேலை தொடங்கும் முன் அண்டை வீட்டாரோடு பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. “அண்ணே, தை முடிஞ்சதும் கடைக்கால் எடுக்கிறோம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுச் சுவரை எல்லாம் ஒருவாட்டி சேர்ந்து பார்த்துப் படம் எடுத்து வச்சுக்கலாமா? பின்னாடி ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் தெளிவா இருக்கும்” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே சின்னச் சிமென்ட் பட்டை பூசித் தேதி எழுதி வைக்கலாம். விரிசல் நகர்ந்தால் பட்டை உடையும், நகராவிட்டால் உடையாது. வேலை நடக்கும்போது யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒட்டுவதா, விலகுவதா

ஆறு அங்குலம், ஓரடி என்று இடைவெளி விடுவது இருப்பதிலேயே மோசமான முடிவு. ஆள் நுழைய முடியாது, பூச முடியாது, கூட்ட முடியாது. இலையும் குப்பையும் விழும், எலி குடியேறும், மழைநீர் தேங்கும். இரண்டு வீட்டுச் சுவர்களும் ஒன்றாக ஓதம் காக்கும். விட்டால் ஆள் நடக்க மூன்றடி விட வேண்டும். விதி அனுமதித்தால் முழுக்க ஒட்டிக் கட்ட வேண்டும். 15 அடி மனையில் பெரும்பாலும் பக்கத்துச் சுவர் இருக்கும் பக்கம் ஒட்டி, மறுபக்கம் மூன்றடிச் சந்து விடுவதுதான் பொருந்தும்.

ஒட்டிக் கட்டுவது என்றால் பக்கத்துச் சுவரில் சாய்த்துக் கட்டுவது என்று பொருளில்லை. சொந்தச் சுவர் தனியாக எழ வேண்டும். இரண்டுக்கும் நடுவே தெர்மாகோல் தாள் வைத்துப் பிரித்தால் இரு கட்டடங்களும் தனித்தனியே அசைய வழி இருக்கும். அந்தச் சுவரின் வெளிமுகத்தைப் பிறகு பூச முடியாது என்பதால், வரி எழும்ப எழும்பவே கொத்தனார் உள்பக்கமிருந்து கையை நீட்டி இணைப்புகளைக் கலவையால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். கலவையில் நீர்க்காப்பு மருந்து சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட மேல்மூடி முக்கியம். இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே உள்ள இடுக்கைத் தகடோ கான்கிரீட்டோ கொண்டு மூடி, தண்ணீர் தன் மொட்டை மாடிப் பக்கம் வழியும்படி சாய்வு கொடுக்க வேண்டும். பக்கத்து வீடு உயரமானதென்றால் அந்தத் தகடு அவர்கள் சுவரில் லேசாகச் செருகப்பட வேண்டியிருக்கும். அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். ஒட்டிய சுவரில் ஓதம் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூடி இல்லாததால் வருபவை.

சுவர் கனமும் இங்கே பணத்துக்குச் சமம். சந்து போக மிஞ்சும் 12 அடியில் இரு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர் எடுத்தால் உள்ளே பத்தரை அடிதான். தூண், பீம் சட்டகத்துக்கு நடுவே 6 அங்குல இலகு கான்கிரீட் கல் வைத்தால் 11 அடி கிடைக்கும். முன்னும் பின்னும் திறந்த இடம் விட்டு எழும் 32 அடி நீள வீட்டில் ஒரு தளத்துக்கு 16 சதுர அடி, ஒரு குளியலறைக்குப் பாதி இடம். தூணின் நீண்ட பக்கம் சுவரின் போக்கில் இருந்தால் அறைக்குள் மூலை துருத்தாது.

வெளிச்சத்துக்கு மேலே பார்க்க வேண்டும்

இரு பக்கமும் அடைத்த நீள வீடு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் அக்ரகாரத் தெருக்களில் வீடுகள் பக்கச்சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பக்கச்சுவரில் ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே இறங்கின. ஜப்பானிய கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976இல் ஒசாகாவின் சுமியோஷியில் கட்டிய வீடும் இதே கணக்குத்தான். வரிசை வீடுகள் மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு, சுமார் 57 சதுர மீட்டர் மனையில், நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை வானத்துக்குத் திறந்து விட்டார். ஹோ சி மின் நகரில் வோ ட்ரோங் நியா குழுவினர் 2011இல் கட்டிய வீடு 4 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்டது. முன்னும் பின்னும் அடுக்கடுக்கான செடித்தொட்டிகளே அதன் முகப்பு.

600 சதுர அடியில் முழு முற்றம் விட எல்லோராலும் முடியாது. ஆனால் அதன் வேலையைப் படிக்கட்டு செய்துவிடும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே வரும். 7 அடி உயரம் என்றால் 14 முதல் 17 அடி. 32 அடி வீட்டில் முன்னறையும் பின்னறையும் பிழைத்துக்கொள்ளும், இடைச்சுவர்கள் வந்துவிட்டால் நடுப்பகுதி இருண்டுவிடும். படிக்கட்டை அங்கே வைத்து, அதன் உச்சியில் கண்ணாடிக் கூரையும் பக்கவாட்டில் வெப்பக்காற்று வெளியேறத் திறப்புகளும் கொடுத்தால் ஒளி தரைவரை இறங்கும். கண்ணாடி உடைந்தாலும் சிதறி விழாத அடுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்றால் 7 அங்குல உயரத்தில் 17 படிகள். மிதிபலகை 10 அங்குலம் வைத்து நேராக ஏறினால் 13 அடி 4 அங்குல நீளம் வேண்டும். மூன்றடி அகலத்தில் ஒட்டிய சுவரின் ஓரமாகவே அதைப் போட்டுவிடலாம்.

ஜன்னல் பரப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த கடலோர ஊர்களில் அறைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 100 சதுர அடி அறைக்கு 16 சதுர அடிக்கு மேல். எல்லைச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால், அது தெருப்பக்கம், கொல்லைப்பக்கம், மூன்றடிச் சந்து ஆகிய மூன்றிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சந்துப் பக்க ஜன்னலின் அடிவிளிம்பை ஐந்தடியில் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் காற்று வாங்கலாம்.

ஒட்டிய சுவர் மேற்குப் பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். பிற்பகல் வெயிலைப் பக்கத்து வீடு வாங்கிக்கொள்ளும், படுக்கையறையை அங்கே வைக்கலாம். ஆனால் அவர்கள் ஒரு தளமும் இவர்கள் இரண்டு தளமும் கட்டினால், மாடியின் மேற்குச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் திறந்தே நிற்கும். அதன் வெளிமுகத்தைப் பூச, சாரத்தைப் பக்கத்து மொட்டை மாடியில்தான் ஊன்ற வேண்டும். எத்தனை நாள், எந்த நேரம், உடைந்தால் யார் சரிசெய்வது என்று முன்கூட்டியே பேசி அனுமதி பெற வேண்டும். முடிந்ததும் அவர்கள் தளத்தில் விழுந்த கலவையைக் காயும் முன் சுரண்டிக் கழுவித் தருவது மேஸ்திரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

தண்ணீர் தன் பக்கம்

குளியலறையும் சமையலறைக் குழாய்களும் ஒட்டிய சுவரில் வரக் கூடாது. கசிவு வந்தால் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. கறை முதலில் தெரிவது பக்கத்து வீட்டுக் கூடத்தில். குழாய்கள் எல்லாம் சந்துப் பக்கம் இறங்கட்டும்.

மொட்டை மாடிச் சாய்வும் சந்துப் பக்கமே. 600 சதுர அடி மனைப் பரப்பில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 5,500 லிட்டருக்கு மேல். சென்னை, கடலூர் கார்த்திகை மழைக்கு இது அபூர்வமான அளவில்லை. அதில் ஒரு பங்கு பக்கத்துச் சுவரில் வழிந்தாலும் சண்டைக்குப் போதும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். உறிஞ்சுகுழியை அஸ்திவாரங்களிலிருந்து விலக்கி, மனையின் முன்பக்கம் அல்லது பின்பக்கத் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். இரு சுவர்களுக்கும் நடுவே வைத்தால் அது இரண்டு வீட்டுக் கடைக்காலையும் நனைக்கும்.

கிரகப்பிரவேசம் முடிந்து முதல் வடகிழக்குப் பருவமழை போனதும், மார்கழியில் ஒரு காலை மாடியேறி இடுக்கின் மேல்மூடியை நீளம் முழுக்கப் பார்த்து, விரிந்த இடங்களில் பூச்சு நிரப்ப வேண்டும். அன்றைக்கே பக்கத்து வீட்டிலும் கேட்டுக்கொண்டு போய், விரிசல்களின் குறுக்கே பூசிய சிமென்ட் பட்டைகளைச் சேர்ந்து பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். உடைந்த பட்டை ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் பொறியாளரை அழைத்துக் காட்டி, அந்த வீட்டுப் பழுதைச் சரிசெய்யும் செலவைக் கட்டியவரே ஏற்க வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கில் அதற்கென ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.